பார்க்காத கடைசி ரேஸ்

மார்கழி 3, புதன்

பனி. எட்டு மணி வரை கோட்டை மலை ராஜகிரியின் உச்சி காணவில்லை. பாதி மலை மட்டும் மிதந்துகொண்டிருந்தது. கடை வேலைகள்: சாக்கு ஊசி வாங்க. தராசுச் சங்கிலிக்கு எண்ணெய். அனந்தபுரத்திலிருந்து மூன்று வண்டி புது மல்லாட்டை (பட்டணத்தார் வாயில் வேர்க்கடலை). ஈரம் அதிகம். வெயிலில் கொட்டச் சொன்னேன், வெயில்தான் வரவில்லை.

சனிக்கிழமை பட்டணம். மனைவியிடம் வழக்கம் போல், "கொத்தவால் சாவடியில் வேலை." பாதி உண்மை. அந்த வேலை பதினோரு மணிக்குள் முடிந்துவிடும். மீதிப் பாதி கிண்டி ரேஸ் மைதானம். (பத்மாவதி என்று முழுதாக எழுதினால் அவளே தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பது போல் இருக்கிறது. இனி ப.)

மத்தியானம் மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடினால் குளம்புச் சத்தம். முற்றத்தில் ஆள் மல்லாட்டையைத் தள்ளுகிற சத்தம்தான். தெரிந்தும் கண்ணைத் திறக்கவில்லை.

மார்கழி 6, சனி. பட்டணம்

வானம் சுத்தம். கிண்டிக்கு ஒரு மணிக்கே போய்விட்டேன். ஓடுவதற்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும் இடம், வேலியோரம் என் மரம். யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை.

ரேஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் இங்கிலீஷ் பெயர்கள் என் வாயில் நுழையாது. நான் வைத்திருக்கும் பெயர்கள்:
மாப்பிள்ளை. புதுச் சட்டை போட்டவன் போல் கழுத்தை வளைத்து நடக்கும்.
எண்ணெய்ச்சட்டி. அவ்வளவு கறுப்பு.
பெரியம்மா. செம்மண் நிறம். யாரையும் மதிக்காது.

பெரியம்மா இன்றும் கிளம்பும் இடத்தில் திரும்பி நின்றுகொண்டது. நான் சிரித்தேன். சுற்றி இருந்தவர்கள் முறைத்தார்கள். அதன் மேல் பணம் கட்டியிருப்பார்கள் போல.

நான் கட்டுவதில்லை. சூது ஏழு பாவத்தில் முதல் பாவம், சின்ன வயதில் சித்தாமூர் ஜைன மடத்தில் எடுத்துக்கொண்ட விரதம். விரதம் இல்லாவிட்டாலும் கட்டியிருக்க மாட்டேன். கட்டினால் ஒரு குதிரையைத்தான் பார்க்க முடியும். எனக்கு எல்லாம் வேண்டும்.

வளைவில் எல்லாம் ஒன்றாகத் திரும்பும்போது செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். உள்ளங்காலில் மண் நடுங்கியது. அந்த அரை நிமிடம் நான் செஞ்சி மண்டிக்கார நயினார் இல்லை. யாரும் இல்லை. பதினோரு வருடமாக இதற்குத்தான் வருகிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

வழக்கம் போல் கடைசி ரேஸுக்கு முன்னால் கிளம்பினேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். இருட்டியபின் எங்கள் வீடுகளில் யாரும் வாயில் ஒன்றும் போடுவதில்லை. சைதாப்பேட்டை மெஸ்ஸில் எனக்கென்று வெங்காயம் இல்லாமல் எடுத்து வைப்பார்கள். இலை முன்னால் உட்கார்ந்ததும் தூரத்தில் கூட்டம் கத்தும். அவ்வளவு தூரம் கேட்காது. கேட்பதாக நினைத்துக்கொள்வேன்.

மறந்துவிட்டேன்: மைதான வாசலில் முனுசாமி. எங்கள் கடைவீதி ஜவுளிக்கடை முனுசாமியேதான். என்னைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் போனான். நான் ஐஸ் வண்டிக்குப் பின்னால் போனேன். கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே.

மார்கழி 8, திங்கள்

மேகம். காலையில் முனுசாமி கடைக்கு வந்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"நைனாரே, எவ்ளோ அடிச்சீங்க?"

"நான் கட்டறதே இல்ல முனுசாமி. பாக்கத்தான் போறேன்."

"யார்கிட்ட வுடறீங்க? பந்தில குந்திக்கினு சாப்பிடாம வேடிக்க பாத்துட்டு வருவாங்களா யாராச்சும்?"

போகும்போது, "ஒரு நல்ல நம்பர் இருந்தா நமக்கும் சொல்லுங்க" என்றான். பாவம், நம்பவே இல்லை.

அவன் வாய் சும்மா இருக்குமா. வீட்டில் சொல்லியிருக்கிறான். அவன் மனைவி ரேஷன் கடை வரிசையில் ப.விடம், "உங்க வூட்டுக்காரரு ரேஸ்ல பெரிய புள்ளியாமே?"

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் ப. எழுந்து போனாள். பீரோவைத் திறந்து நகைப் பெட்டியை எடுத்தாள். உள்ளே பார்த்தாள். மூடி வைத்தாள். எல்லாம் என் கண் முன்னால். அடித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

மார்கழி 9, செவ்வாய்

இன்று அவள் என்னிடம் பேசியவை:
1. பால் வரல.
2. தலையத் தொடைங்க.
வேறு இல்லை. சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்கழி 10, புதன்

தூறல். நானே ஆரம்பித்தேன். சூதாடவில்லை, ஒரு காசு கட்டியதில்லை, சித்தாமூர் மேல் சத்தியம் என்றேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அப்ப இன்னாத்துக்குப் போறீங்க?"

"குதிரை பாக்க."

"பாத்து?"

"அவ்ளோதான். அழகா இருக்கும்."

அரிசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நம்பிவிட்டாள் என்று தெரிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது. அவள் கண் கலங்கியது.

"சூதாடி இருந்தாகூட, வூட்டுக்குத்தான் ஆசப்பட்டாருன்னு மனசத் தேத்திக்குவேன். நீங்க மட்டும் தனியாப் போயி சந்தோசமா இருந்துட்டு வந்திருக்கீங்க. பதினோரு வருசம். வூட்டுக்கு வந்து சாவடில ஒரே கூட்டம், ஒடம்பு வலின்னு படுத்துக்கினு. நான் கால அமுக்கி விட்டிருக்கேன்."

 உண்மையிலேயே அமுக்கிவிட்டிருக்கிறாள்.

"போங்க, வேணாங்கல. ஆனா பொய் சொல்லிட்டுப் போற ஆளோட எனக்குப் பேச்சு இல்ல."

இனி பொய் இல்லை என்றேன். அவள் அரிசிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்கழி 11, வியாழன்

இனிமேல் கிண்டிக்குப் போவதில்லை.

மேலே உள்ள வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தேன். தாள் கிழிந்தது.

கடையை ஆளிடம் விட்டுவிட்டுக் கோட்டைக்குள் போய்ப் பழைய குதிரை லாயத்தில் உட்கார்ந்திருந்தேன். வளைவு வளைவாக இருட்டு அறைகள். ஆடுகள் இரண்டு. சுவரில் யாரோ கரியால் எழுதிய காதல். ஈரக் கல் வாசனையில் எனக்கு வைக்கோல் வாசனை வந்தது. எல்லா அறையிலும் ஒவ்வொன்றை நிறுத்திப் பார்த்தேன். முதல் அறையில் மாப்பிள்ளை, அடுத்ததில் எண்ணெய்ச்சட்டி. பெரியம்மாவுக்கு மூலை அறை, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். ரொம்ப நேரம் அப்படியே. ஒரு ஆடு தும்மியதும் எல்லாம் போயிற்று.

குதிரைகளை விட்டாலும் இவள் பேசாமல் இருப்பதைத் தாங்க முடியாது. இவள் பேசினாலும் குதிரைகள் இல்லாமல்... எழுத வேண்டாம்.

மார்கழி 12, வெள்ளி

சாயங்காலம் ப. முறத்தில் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்காத மாதிரி கேட்டாள்.

"அழகு அழகுன்னா, இன்னா அழகு?"

சொல்ல வரவில்லை. தரையில் ஆறு மல்லாட்டையை வரிசையாக வைத்தேன். இது பெரியம்மா, இது மாப்பிள்ளை, இது கிளம்பும் இடம், இந்த வாசற்படிதான் வளைவு. விரலால் தள்ளித் தள்ளி ஓட்டினேன். குனிந்து ஓட்டியதில் மூச்சு வாங்கியது. ஐம்பது வயது ஆள். கடை ஆள் யாராவது பார்த்திருந்தால் மண்டியில் மரியாதை போயிருக்கும். மாப்பிள்ளை ஜெயித்தது.

ப. ஜெயித்த மல்லாட்டையை எடுத்தாள், உடைத்தாள், வாயில் போட்டுக்கொண்டாள்.

"இதுல தண்ணி இருக்குது. காயல" என்றாள். இரண்டு நாளில் அதுதான் நீளமான பேச்சு.

பிறகு, "கடைசி ரேஸு எப்பிடி இருக்கும்?"

"தெரியாது. பாத்ததில்ல."

"இன்னாத்துக்கு?"

"பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணுமே. மெஸ்ஸுக்கு வந்துடுவேன்."

முறம் நின்றுவிட்டது. "பதினோரு வருசமாவா?"

"ம்."

"கையில சோறு கட்டிக்கினு போனா இன்னாவாம்? அங்கியே துன்னுட்டுப் பாக்கறது."

 பொய் சொல்லிவிட்டுப் போகிறவன் வீட்டில் கட்டுச்சோறு கேட்க முடியுமா? அது அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். இந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"அங்க பொம்பளைங்க வருவாங்களா?"

மார்கழி 19, வெள்ளி

நாளைக்கு: அடுக்குத் தூக்கு ஒன்று. கூஜா (வடிகட்டிய வெந்நீர்). இலை நான்கு. ப.வின் அரக்குப் புடவையை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கியாயிற்று. "குதிரைக்கு அரக்கு ஆவுமா?" என்று கேட்டாள். மாட்டுக்குத்தான் ஆகாது என்றேன். எனக்கும் நிச்சயமில்லை.

மார்கழி 21, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று பனி, கடைக்குப் போகவில்லை. முடிந்தவரை வரிசையாக.

வேலியோரம் என் மரம். அரை மணி நேரம் ப. ஒவ்வொரு குதிரையாகப் பார்த்தாள். கடைசி ரேஸுக்காக நடத்திக்கொண்டிருந்த பெரியம்மா எங்களைத் தாண்டியபோது, "இதுக்கு ஓட இஷ்டமே இல்லீங்க. காதப் பாருங்க" என்றாள். நான் அதை வால் வைத்துக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆயிற்று.

வளைவில் செருப்பைக் கழற்றச் சொன்னேன். வெட்கப்பட்டாள். பிறகு கழற்றினாள். மண் நடுங்கியதும் என் பக்கம் திரும்பினாள். 

கடைசிக்கு முந்தின ரேஸுக்கு எல்லோரும் கம்பி ஓரம் ஓட, நாங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். புளிச்சோறு, மல்லாட்டைத் துவையல். வெயில் மஞ்சளாகி இலைமேல் விழுந்தது. அந்தப் பக்கமாக வந்த முனுசாமி எங்களைக் கண்டு கூட்டத்துக்குள் நழுவப் பார்த்தான்.

"இன்னா தம்பி ஒளியறீங்க? வாங்க, சாப்டுங்க" என்றாள் ப.

ஒரு கவளம் வாங்கிக்கொண்டு நெளிந்தான். "அண்ணி, கடைசி ரேஸுக்கு ஒரு நம்பர் சொல்லுங்க."

"வூட்ல பொண்டாட்டி எப்பிடிக்கீறா?"

போய்விட்டான்.

கை கழுவி எழுந்தோம். பொழுது இன்னும் இருந்தது. கடைசி ரேஸ். பெரியம்மாவும் அதில். பதினோரு வருடம் மெஸ் இலையில் உட்கார்ந்து நினைத்துக்கொண்ட அதே சத்தம், இப்போது பக்கத்தில். குதிரைகள் கிளம்பின. ப. என் மணிக்கட்டைப் பிடித்தாள். பொது இடத்தில், இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. "வாடீ, வா, வந்துடு, வந்துடு!" என்று கத்தினாள். எங்கள் வீட்டில் பக்கத்து அறைக்குக் கேட்காத குரல் அது. கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. முகம் முழுக்க அந்தி. உள்ளங்காலில் மண் நடுங்கிற்று, நின்றுவிட்டது.

ஸ்டேஷன் போகும் வழியில் கேட்டாள், "கடைசி ரேஸு எப்பிடிங்க இருந்துச்சு? அதுக்குத்தான இத்தினி வருசம்?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன்.

குதிரைகளின் பக்கம் நான் திரும்பவே இல்லை. இனி பொய் இல்லை என்று சொல்லி முழுதாகப் பத்து நாள்.