அழுத்தம் தப்பாத நான்கு வரிகள்

இன்று மத்தியானம் தேநீர் அறையில் யாரோ உமது போத்தலைத் திறந்துவிட்டார்கள். சுட்ட சிவப்புக் கறிமிளகாய்த் துவையலின் மணம். பாதியைத் தின்றுவிட்டு, "மிச்சத்தைத் திங்கள் முடிப்பம் ஐசே" என்று வெள்ளிக்கிழமை போனவர் நீர். சனிக்கிழமை உமது இதயம் நின்றுவிட்டது. உமக்கும் எனக்கும் ஒரே வயது. இரண்டு கிழமையாகியும் எனக்கு நம்ப முடியவில்லை.

அதைவிடப் பெரிய அடி நேற்று விழுந்தது. அதற்காக உம்மோடு சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஊரை விட்டு வந்து, டண்டினொங்கில் இந்தத் தொழிற்சாலையில் நான் சேர்ந்த முதல் மாதமே, பக்கத்து இயந்திரத்தில் நின்ற செர்பியரான உம்மோடு கவிதையைப் பற்றி வாக்குவாதம். இரண்டு பேருக்கும் உடைந்த ஆங்கிலம்தான். ஆனால் என் காதில் நீர் எங்கள் ஊர்ப் பேச்சே பேசினீர். தமிழில் எதுகை அடிகளின் தொடக்கத்தில் வரும் என்றேன். "தலையிலயோ? உங்கட ஆக்களுக்கு விசரே?" என்று சிரித்தீர். சரி, அடிகளின் முடிவில் ஒத்துவரும் இயைபும் எங்களிடம் இருக்கிறது என்று, நீர் சொல்லித்தந்த செர்பியச் சொற்களில் கடைசி எழுத்து ஒத்த இரண்டைச் சோடி சேர்த்தேன். நீர் ஸ்பானரால் மேசையில் தட்டினீர்.

"வால் ஒத்தாப் போதாது ஐசே. சொல்லில அழுத்தம் எங்க விழுதோ, அங்கயிருந்து கடைசி மட்டும் ஒரே ஓசை வேணும்."

ஓரசைச் சொல் தவிர மற்றவற்றில் அழுத்தம் கடைசி அசையில் விழாதாம். ஆகவே அதற்கு முந்திய அசையிலிருந்தாவது ஓசை ஒத்துவர வேண்டுமாம். எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்லும் என் யாழ்ப்பாண நாக்குக்கு அது பிடிபடவில்லை.

பழகுவதற்கென்று நான்கு வரி தந்தீர். கருத்துக் கேட்டேன். "எங்கட போர்மனைப் பற்றின பகிடிப் பாட்டு" என்றீர். எழுதித் தரவில்லை, காதால் பிடித்துக்கொண்டேன். எங்களை மேய்க்கும் போர்மன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சொல்லி, விழுந்து விழுந்து சிரிப்பேன். கடைசிச் சொல்லில் அழுத்தம் தப்பினால் விடவே மாட்டீர். மூன்று மாதத்தில் பிழையில்லாமல் வந்தது.

நேற்று உமது வீட்டுக்குப் போனேன். "வேலையில என்னதான் கதைப்பார்? வீட்டில வாயே திறக்கமாட்டார்" என்று உமது மனைவி கேட்டார். பாவம், கொஞ்சம் சிரிக்கட்டும் என்று, போர்மன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திப் பாட்டைச் சொல்லிக் காட்டினேன்.

இரண்டாம் வரியில் அவர் கையிலிருந்த கோப்பை விழுந்தது. நான் நிறுத்தவுமில்லை, முட்டாள்.

நீங்கள் இரண்டு பேரும் இங்கே வருமுன் அகதி முகாமில் காய்ச்சலில் இறந்த மகளைப் பற்றி நீர் கட்டிய பாட்டாம் அது. அந்தக் கடைசிச் சொல் பிள்ளையின் பெயராம். "அவள் போன நாளிலயிருந்து அவர் அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை" என்றார்.

ஐயோ, என்ன மனிசனப்பா நீர்! பெற்ற பிள்ளையின் சாவை என் வாயில் வைத்துவிட்டு, பகிடி என்று ஏன் ஏய்த்தீர்? உமது மனைவி கோபிக்கவில்லை. "திரும்பச் சொல்லுங்கோ" என்றார். நான்கு தரம் சொன்னேன். அந்த மொழியே தெரியாத என் நாக்கைத் தவிர அந்தப் பாட்டு வேறெங்கும் இல்லை. ஞாயிறுதோறும் வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வாசலில் வைத்துக் கேட்டார்: "உங்களுக்குப் பாட்டைச் சொல்லித் தரேக்க அவர் அழுதவரோ?"

எனக்குத் தெரியவில்லை. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.