அண்ணாந்து குடிப்பவளுக்கு ஷாம்பெயின்

19 ஜனவரி 1992, ஞாயிறு

பையன் வீட்டார் வந்து போனார்கள். பையன் ஏகநாதனைக் குறை சொல்ல முடியாது. காட்டாங்குளத்தூர் காலேஜில் என் பேத்தி சாமுண்டீஸ்வரியோடு படித்தவன். அவள் கண்ணை உருட்டினால் உட்காருகிறான். அப்பா சுப்ரமணியன் கப்பலில் இன்ஜினியராக இருந்து ரிடையர் ஆனவர், சிரித்த முகம். அம்மாக்காரிதான் சரியில்லை. பெயர் அபிதகுஜாம்பாள். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது.

வந்ததும் தண்ணீர் கேட்டாள். நானே டம்ளரைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலையை அண்ணாந்து, உதடு படாமல், கடகடவென்று ஊற்றிக்கொண்டாள். அப்புறம் காபி. அதுவும் அப்படித்தான். கொதிக்கிற காபி! ஒரு சொட்டு சிந்தவில்லை, பாவி.

பேச்சு வேறு. "எங்க வீட்ல விசேஷம்னா ஷாம்பெயின்தான் உடைப்போம். இவர் கப்பல்ல இருந்தவராச்சே."

ஊர் பேர் தெரியாதவன் புட்டியில் வாய் வைப்பாளாம், என் டம்ளரில் வைக்க மாட்டாளாம்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது சேலையூரில் ஒரு வீட்டுக்குக் கீரை விற்கப் போனேன். தாகமாக இருக்கிறது என்றேன். கையை ஏந்தச் சொல்லி மேலேயிருந்து ஊற்றினாள் ஒருத்தி. பச்சைப் புடவை. முன்பல் ஒன்று கறுப்பு. இந்நேரம் செத்திருப்பாள். நான் இன்னும் விடவில்லை.

20 ஜனவரி

முனிரத்தினத்திடம் சொல்லிவிட்டேன்: எங்க வூட்டு டம்ளர்ல வாய் வெக்காதவ வூட்டுக்கு என் பேத்தி வாழப் போவ மாட்டா. முடிச்சூர் நிலம் இன்னும் என் பெயரில் இருப்பதால் என் மகனுக்கு நான் சொல்வது நன்றாகவே காதில் விழும்.

சாமு அழுதாள். "ஆயா, ஒரு டம்ளருக்காவ என் கல்யாணத்த நிறுத்துவியா?"

"டம்ளருக்காவ இல்லடி."

பின்னே எதற்காக? அவளும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. மருமகள் தனக்கோடி மட்டும் மூன்று பேர் பங்கையும் சாப்பிட்டாள்.

27 ஜனவரி

முனிரத்தினத்துக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. அவர்களை விருந்துக்குக் கூப்பிட்டு நாமும் ஷாம்பெயினே வைப்பதாம். "அவங்க ஸ்டைல்லயே வெச்சா அந்தம்மா மனசு எளகும்மா." தாம்பரத்தில் கேட்டுப் பார்த்தான். பிராந்தி இருக்கிறது, பீர் இருக்கிறது. ஷாம்பெயின் என்றதும் கடைக்காரன் இவனை மேலும் கீழும் பார்த்தானாம். பாண்டிச்சேரிக்குப் போகிறான்.

2 பிப்ரவரி

மூன்று புட்டிகள் வந்திருக்கின்றன. தடித்த கண்ணாடி, கழுத்தில் தங்கத்தாள், கார்க்குக்கு மேல் கம்பிக்கட்டு. பேய் பிடித்தவளைக் கட்டிப்போட்ட மாதிரி. ஒன்று இனிப்பு. மற்ற இரண்டும் ஒரே ரகம், இனிப்பு இல்லாதது. விருந்துக்கு எதை வைப்பது? ருசி பார்க்க என்னைத்தான் கூப்பிட்டான். இந்த வீட்டில் நாக்கு என்று ஒன்று எனக்குத்தான் இருக்கிறது.

முதலில் இனிப்பு. கோலி சோடாவில் திராட்சையை நசுக்கிப் போட்ட மாதிரி. ஜுரம் வந்த பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

அடுத்தது மற்றது. சாராய சமாச்சாரம் ஆயிற்றே, நமக்கெதற்கு என்று உதடு படாமல் தூக்கி ஊற்றிக்கொண்டேன். ஐயோ! மூக்கு வழியாக வந்தது. கண்ணில் தண்ணீர். தும்மித் தும்மி இடுப்பு பிடித்துக்கொண்டது.

தும்மிக்கொண்டே இருக்கும்போதுதான் தோன்றியது. இதை எவளும் அண்ணாந்து குடிக்க முடியாது. வாய் வைத்து உறிஞ்சினால்தான் உண்டு.

"இதாண்டா," என்றேன்.

"ஏம்மா, புளிக்குதே?"

"மரியாதையா கீது."

திறந்த புட்டிகளில் மிச்சமிருந்ததைத் தனக்கோடி ருசி பார்த்தே தீர்த்தாள். ராத்திரி சமையல் இல்லை.

8 பிப்ரவரி

ஏகநாதனைக் கேட்டு சாமு பாடம் நடத்தினாள். நன்றாகக் குளிரவைக்க வேண்டும். ஆட்டவே கூடாது. திறக்கும்போது கார்க்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு புட்டியைத் திருக வேண்டும். வெடிச்சத்தம் வரக் கூடாதாம், பெருமூச்சு மாதிரி வர வேண்டுமாம். பெருமூச்சு கேட்பதற்கா பாண்டிச்சேரி வரை போனான்? அது தனக்கோடியிடமே கிடைக்கும். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, கொஞ்சம் ஊற்றி, நுரை அடங்கினதும் மறுபடி ஊற்ற வேண்டும்.

பர்மா பஜாரிலிருந்து கிளாஸ் வந்தது. ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு மாதிரி ஒல்லியாக.

"ஆயா, அந்தம்மா எப்டி குடிச்சாலும் நீ வாயத் தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரி. புட்டியை வாளியில் வைத்துக் கிணற்றில் இறக்கியிருக்கிறது. சாயங்காலம் வருகிறார்கள்.

17 பிப்ரவரி

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

வாளியை இழுக்கும்போது முனிரத்தினம் கிணற்றுச் சுவரில் இடி இடியென்று இடித்தான். புட்டிக்கு உள்ளே கோபம் ஏறிவிட்டது. கம்பியை அவிழ்த்ததுதான் தெரியும், கார்க் பறந்துபோய் என் வீட்டுக்காரர் படத்தில், சரியாக நெற்றியில் பட்டது. பொன்னுரங்கம் உயிரோடு இருந்தபோது நான் குறி பார்த்த இடம். பாதிப் புட்டி அவர் மேலேயே போயிற்று. அவருக்குப் பிடித்த வஸ்துதான், போகட்டும்.

மிச்சத்தை ஆளுக்குக் கொஞ்சமாக ஊற்றினான். தனக்கோடி மட்டும் வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

அபிதகுஜாம்பாள் கிளாஸைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சாமு என்னைப் பார்த்தாள்.

அண்ணாந்தாள்! அந்தக் கொக்குக் கிளாஸை உயரத் தூக்கி, அப்படியே ஊற்றிக்கொண்டாள். நுரை மூக்கு வழியாக வந்தது. பட்டுப் புடவை முன்பக்கம் பூராவும் நனைந்தது. புரை ஏறிக் கண் சிவந்து, ஏகநாதன் அவள் தலையில் தட்டோ தட்டென்று தட்டினான்.

நான் சிரிக்கவில்லை. சிரித்தது சுப்ரமணியன்தான். "எத்தனை பாட்டில் கொண்டுவந்தேன்! ஒரு வாய் குடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்!"

"உடைப்போம்னுதான் சொன்னேன். குடிப்பேன்னு சொன்னேனா?" என்று இருமிக்கொண்டே சீறினாள். "எல்லாத்தையும் கறிவேப்பிலைச் செடிக்குத்தான் ஊத்தினேன்."

"செடி நல்லா கீதாம்மா?" கேட்டுவிட்டேன். சத்தியம் அதோடு போயிற்று.

"பட்டுப்போச்சு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் உறிஞ்சிக்கொண்டிருந்த கிளாஸைப் பார்த்தாள். "உங்களுக்கு மட்டும் ஏன் மூக்குல ஏறல?"

"வாய வெச்சி உறிஞ்சணும்மா. இப்டி." காட்டினேன்.

"குடுங்க இப்படி."

என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். வேறு கிளாஸ் எடுக்க சாமு ஓடினாள். அதற்குள் அவள், என் உதட்டு ஈரம் இருந்த அதே இடத்தில் வாய் வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சினாள். முகம் கோணிற்று. இன்னொரு உறிஞ்சு. கிளாஸ் காலி.

"சகிக்கல," என்றாள். "இன்னும் இருக்கா?"

என் எச்சில். அவள் என் டம்ளரில் வாய் வைத்தால் போதும் என்றுதான் நான் கேட்டேன்.

முனிரத்தினம் என்னைத் திரும்பிப் பார்த்தான். தலையாட்டினேன். வேறென்ன செய்ய? சாமு ஓடிவந்து கட்டிக்கொண்டதில் மூக்குத்தி குத்திவிட்டது, அது வேறு.

ஆனா சேத்து வெச்ச கோவம் அப்டியே கெடக்குதே — இப்ப யாரத் திட்டுறது?

தனக்கோடியைத் திட்டினேன்.

12 ஜூன்

கல்யாணம் முடிந்தது. ஷாம்பெயின் கிடையாது. பன்னீர் சோடாதான். சுப்ரமணியன் முகத்தில் சுரத்தில்லை.

6 செப்டம்பர், ஞாயிறு

குரோம்பேட்டைக்குப் போய் சாமுவைப் பார்த்துவிட்டு வந்தேன். நன்றாக இருக்கிறாள். ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறாள். வாசலில் புதுசாகக் கறிவேப்பிலை வைத்திருக்கிறார்கள்.

அபிதா தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அவள் வீடு, அவள் டம்ளர், அவள் தண்ணீர். அண்ணாந்துதான் குடித்தாள். இதை ஜனவரியிலேயே யாராவது என்னிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

நான் வாய் வைத்துப் பாதி குடித்துவிட்டுக் கீழே வைத்தேன். அவள் யாரோ நாத்தனாரைப் பற்றி ஆரம்பித்தாள். பத்து வருஷத்துச் சண்டை, யார் என்ன புடவை கட்டியிருந்தார்கள் என்பது வரை மறக்கவில்லை. நல்ல பொம்பளை. திட்டித் திட்டித் தொண்டை காய்ந்துபோய், கைக்குக் கிடைத்த டம்ளரை எடுத்து வாய் வைத்துக் குடித்தாள். என் மிச்சம். பேச்சு வேகத்தில் அவளுக்குத் தெரியவில்லை.

சொல்லலாமா என்று பார்த்தேன்.

"அப்பறம் அவ இன்னா சொன்னா?" என்று கேட்டேன்.

சேலையூர்க்காரியை மட்டும் இன்னும் விடவில்லை.