இடப்பக்கத்து நாற்காலி

ராயக்கோட்டை
12.1.2025

அன்புள்ள ஃபகருன்னிசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போன் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் கடிதம். டாக்டரும் தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார். பக்கவாதத்தில் இரண்டு கண்ணுக்கும் இடப்பக்கப் பார்வை போய்விட்டதாம், வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். தாளின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு, அதைத் தேடிப் பிடித்துத்தான் ஒவ்வொரு வரியும் தொடங்குகிறேன். தக்காளி மண்டியை மகன் சமீர் பார்த்துக்கொள்கிறான்.

ஆனாலும் உனக்குக் கல் நெஞ்சு. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், எட்டிக்கூடப் பார்க்கவில்லையே. சமீரைக் கேட்டால், "நீங்களே பேசிக்கோங்க" என்கிறான்.

கௌஸ் மொய்தீன்

கெலமங்கலம்
19.1.2025

ஜைபா அத்தாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

நான்கு நாளும் உங்கள் கட்டிலுக்கு இடப்பக்கம் நாற்காலியில்தானே இருந்தேன்! மரத்துப்போன கையை என் மடியில் வைத்திருந்தேன். நம் மகள் ஜைபாவின் காலேஜை நீங்கள் நிறுத்திக் கல்யாணம் பேசியதிலிருந்து நமக்குள் பேச்சில்லை, அந்த ரோஷத்தில் வாய் திறக்கவில்லை. நீங்களும் முகத்தை அந்தப் பக்கமே திருப்பி வைத்திருந்தீர்கள். கடைசி நாள் மண்டிக்காரர் போனில் என்னைப் பற்றிக் கேட்டதற்கு, "அவ எங்க வந்தா?" என்றீர்கள். என்னை வைத்துக்கொண்டே இப்படியா என்றுதான் ஜைபாவோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் நான். பாவி.

ஃபகருன்னிசா

ராயக்கோட்டை
23.2.2025

என் ஃபகருன்னிசாவுக்கு,

வெட்கத்தில் பதில் எழுத இத்தனை நாள் ஆனது. என்னை மன்னித்துவிடு. நேற்றைய பரிசோதனையில் இடப்பக்கத்து வெளிச்சப் புள்ளிகள் பாதி தெரிந்தன. டாக்டரே கைகொடுத்தார். இது கோடு போடாமல் எழுதிய கடிதம்.

நோன்புக்கு முன்னால் வந்துவிடு. ஜைபாவையும் கூட்டி வா. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் காத்திருக்கிறார்கள். நான் நடமாடும்போதே முடித்துவிட வேண்டும். படிப்பு எங்கே ஓடிப்போகிறது?

உன் கௌஸ் மொய்தீன்

கெலமங்கலம்
28.2.2025

ஜைபா அத்தாவுக்கு,

பார்வை திரும்புகிறது என்று படித்ததும் இரண்டு ரக்அத் தொழுதேன். உடனே துணிகளை எடுத்து வைத்தேன். கடிதத்தின் மிச்சத்தை ஜைபாதான் வாசித்தாள். "நீ போம்மா, நான் மாமா ஊட்லயே இருந்துக்கறன்" என்றாள். பையைப் பிரித்துவிட்டேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை. கோபம் இருந்தவரை வருவேன் என்றுதான் நினைத்திருந்தேன். இனி வர மாட்டேன்.

நோன்பு பிடிக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். சாப்பிடும்போது தட்டை ஒருமுறை திருப்பி வையுங்கள். இடப்பக்கத்துச் சோறு அப்படியே மிஞ்சுகிறது என்று சமீர் சொன்னான்.

ஃபகருன்னிசா