திமிங்கிலம் பார்த்த ஜக்கெட்

9 ஒக்டோபர், வியாழன்

சிநேகிதி சுமதி இன்றுதான் என் சிவப்புக் குளிர் ஜக்கெட்டைத் திருப்பித் தந்தாள், தோய்க்காமல். கலியாண வீட்டுக்கு நகை இரவல் கொடுப்பதுபோல், நோர்வேயின் வடதுருவப் பக்கம் கப்பலில் போகிறவளுக்கு நானேதான் கொடுத்தேன். நானும் இவரும் அந்தக் கப்பல் பயணம் போவதற்கென்று வாங்கியது. இவர் வேலை செய்யும் ரெஸ்டோரண்டில் லீவு கொடுக்கவில்லை.

"நல்ல சூடடி. நீயும் ஒருக்கா போய்ப் பாக்க வேணும்," என்றாள். சொல்ல அவளுக்கென்ன.

அவள் இணையத்தில் போட்ட படங்களை ஏற்கெனவே பார்த்துவிட்டேன். பாரிஸில் எங்கள் சனம் கூடும் லாச்சப்பலில் பார்க்காதவர் யார்? கப்பல் முனையில் அவள், பின்னால் கடலுக்குள் இறங்கி நிற்கும் நீலப் பனிமலை, பனிக்கட்டிமேல் படுத்திருக்கும் சீல்கள், ஒரு திமிங்கிலத்தின் வால். எல்லாவற்றிலும் என் ஜக்கெட். பெரிதாக்கிப் பார்த்தேன். முன் சிப்பைப் பூட்டாமல், கழுத்துச் சங்கிலி தெரிய நிற்கிறாள். அந்தக் குளிரில்!

மாலையில் அதைப் போட்டுக்கொண்டு மரக்கறி வாங்கப் போனேன். கடைக்கார அண்ணை உற்றுப் பார்த்தார்.

"உது சுமதியின்ரை ஜக்கெட் எல்லோ, தங்கச்சி? திமிங்கிலம் பாக்கப் போகேக்கை போட்டது."

"இல்லை அண்ணை, என்ரைதான்."

"ஓம், ஓம்," என்று சிரித்தார். "நல்ல பிள்ளை அவ. கேட்ட உடனை இரவல் தந்திருக்கிறா."

வாங்கிய பில்லையா கையில் வைத்திருக்கிறேன், காட்டுவதற்கு? கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு வீடுவரை குளிரில் நடந்தேன்.

இப்போது கதவில் தொங்குகிறது. நாளைக்குத் தோய்க்க வேண்டும். கழுத்துப் பக்கம் கடல் மணக்கிறது. இவர் தூங்கிய பிறகு இன்னொரு தரம் மோந்து பார்த்தேன்.