உடும்புக்கு விடத் தெரியவில்லை

ஜூன் 2
என் பேரப்பிள்ளைகள் கணக்கு இது. மூத்த மகனின் பையன் கப்பலில் என்ஜினியர். மகள் வீட்டுப் பெரியவள் நர்ஸ் படிப்பில் முதல். சின்னவளுக்குப் பேச்சுப் போட்டியில் கோப்பை; வாய் என்னுடையது. எல்லாருக்கும் மேலே, நிஜமாகவே மேலே, இளையவன் பெண். சுவர் ஏறும் போட்டியில் இரண்டாம் பரிசு. பிடித்தால் விடமாட்டாள். உடும்பு என்று பெயர் வைத்ததே நான்தான்.

ஜூன் 5
நான் இருப்பது இளையவன் வீட்டில். மகனும் மருமகளும் வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்கள். ஒருநாள் லிஃப்டில் மாடி மாறி இறங்கி, யார் வீட்டுக் கதவையோ தட்டிவிட்டேன். அதிலிருந்து இப்படி. "உன் நல்லதுக்குத்தாம்மா." பள்ளி விட்டு உடும்பு வந்து திறந்தால்தான் எனக்கு வெளிக்காற்று. சுவர் ஏறும் கூடத்துக்குப் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் வர வேண்டுமாம். யாருக்கு யார் துணையோ.

ஜூன் 9
உச்சிக்குக் கொஞ்சம் கீழே சுவர் முன்னால் துருத்தி நிற்கிறது. அங்கே போனதும் உறைந்துவிடுகிறாள். அடுத்த பிடிக்குத் தாவ வேண்டும். தவறினால் விழ வேண்டும். கயிறு கட்டியிருக்கிறது, கீழே கோச் பெண் அதைப் பிடித்திருக்கிறாள். இருந்தும் கை நகரவில்லை. நான் பெஞ்சிலிருந்து, "விடாத கண்ணு, விடாத" என்று கத்தினேன். அழுதுகொண்டே தொங்கினாள். கோச் பேசிப் பேசி இறக்கினாள்.

ஜூன் 10
"இனிமே போகல பாட்டி."
"ஏண்டி?"
"விழுந்தா எல்லாரும் சிரிப்பாங்க. நீ வேற ஊரெல்லாம் போட்டோ அனுப்பி வெச்சிருக்க."
இன்னும் ஒரு வாரம் போய்ப் பார் என்றேன். அவளுக்காகவா சொன்னேன்? இவ போகாட்டி நான் எங்க போவேன்?

ஜூன் 11
போகவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 16
கோச் போன் பண்ணிக் கூப்பிட்டாள், போனோம். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
"பாட்டி, அவளுக்கு ஏறத் தெரியும். விழத்தான் தெரியல. நீங்க விடாத விடாதன்னா, விழறது பெரிய தப்புன்னு நெனச்சுக்கறா. கொஞ்சம் வாயைக் கட்டுங்க."
"கட்டினா வெடிச்சிரும்மா."
"அப்ப வேற ஏதாவது சொல்லுங்க."
பிள்ளைகளை இடுப்பு உயரத்திலிருந்து விழச் சொல்லிப் பழக்குகிறாள். அப்புறம் ஆள் உயரம். விழுந்ததற்குக் கைதட்டு. இப்படியும் ஒரு பாடம்.

ஜூன் 24
அதே துருத்தல். தொங்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோச்சும் என்னையே பார்த்தாள்.
"விடுடி" என்றேன்.
விட்டாள். கயிறு தாங்கிக்கொண்டது, ஊஞ்சல் மாதிரி ஆடினாள், சிரித்தாள். மறுபடி ஏறினாள், தாவினாள், தவறினாள். திரும்ப ஏறிப் பிடித்தேவிட்டாள்.

ஜூலை 20
வெளியூரில் விடுதியோடு பயிற்சி. ஒரு வருஷம். கோச் இவள் பெயரைக் கொடுத்திருக்கிறாள்.
"நீ போன்னு சொன்னாத்தான் போவாளாம். என்னம்மா சொல்ற?" என்றான் மகன்.
உடும்பு என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உனக்கு யாரு பாட்டி கதவு தொறப்பா?"
மகன் தலையைக் குனிந்துகொண்டான்.
வேண்டாம்னு ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனியில்தான் இருந்தது.
"மொதல்ல போய்ப் பொட்டியக் கட்டு" என்றேன்.

ஆகஸ்ட் 14
காலையில் பூட்டிய சத்தம் கேட்டது. போனில் அவள் படம் வந்திருக்கிறது. பெரிய சுவர், கயிறு, முதுகு. இதுவரை வந்த எல்லாப் படத்திலும் முதுகுதான். மருமகள் வந்ததும் சொல்ல வேண்டும்: அவகிட்ட புதுசா ஒண்ணு அனுப்பச் சொல்லு. ஏறுறதுக்கு முன்னால எடுத்தது. முகம் தெரியிற மாதிரி.