பெரிய மெஷினைத் திருப்பிக் கொடுக்கவும்

முதலாளிக்கு,

நீங்கள் தூங்கும்போதே கிளம்புகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. வண்டிச் சாவி என்னிடம்.

பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் கொடுத்த இரண்டு டிக் வெல்டிங் மெஷின்களில், வேண்டாததை வாங்கிப்போக அவர் மதியம் வருகிறார். மாடி ஏற மாட்டாராம். பெரியதை நீங்களே நாலு மாடியும் இறக்கிக் கொடுங்கள். வேலைக்குப் போகிற இடமெல்லாம் இதை நான்தானே சுமக்க வேண்டும் என்று நேற்று கேட்டதற்கு, "தூக்கிப் பழகிக்கோ" என்றீர்கள். முதலில் நீங்கள் பழகுங்கள்.

சின்னதை நான் கொண்டுபோகிறேன். தோளில் மாட்டினால் கைப்பை மாதிரி இருக்கிறது. "அதுல அலுமினியம் ஒட்ட முடியாது. அந்த வேலை வந்தா என்ன பண்ணுவே?" என்றும் கேட்டீர்கள். இத்தனை நாளில் ஒரு தடவையாவது வந்ததா?

பி.கு. இன்றைய வாடிக்கையாளர் இப்போதுதான் போன் செய்தார். நான் ஒட்டப்போகிற கேட் இரும்பு இல்லையாம். அலுமினியமாம்.

சின்னதையே கொடுத்து அனுப்புங்கள். பெரியதை நான் தூக்கிக்கொண்டு போகிறேன். ஒரு கை பிடிக்க உங்களை எழுப்பலாம்தான். எழுந்தால் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்புக்கு இந்தக் கனம் எவ்வளவோ தேவலை.