துரை கொடுத்த சப்பாத்து

ஐப்பசி, வெள்ளிக்கிழமை. இரவு.

இரண்டு மாதமாகத் தீராத அசதி. வைத்தியரின் லேகியத்துக்கும் அசையவில்லை. இன்று மீன் குழம்பு ஊற்ற வந்த என் மனைவி பொன்னி, என் காலைப் பார்த்து நின்றுவிட்டாள். விரல்கள் மடங்கியே இருந்தன.

"வெறுங்காலோட குந்திகினு எதைப் புடிச்சிக்கினு கீறீங்க?"

அசதியின் காரணம் அப்போதுதான் உறைத்தது. மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி வேலையில் சேர்ந்ததற்கு ஒல்லாந்துத் துரை பரிசாகக் கொடுத்த அவருடைய சப்பாத்து எனக்குத் தொளதொளவென்றிருக்கும். ஏரிக்கரை மணலில் கழன்றுவிடாதபடி தினமும் விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே கோட்டைக்கு நடந்திருக்கிறேன். அதுவும் என்ன பெருமையாக!

சிரித்த சிரிப்பில் குழம்பு ஆறிப்போனது. துரை மனம் நோகக்கூடாது. இனி கோட்டை வாசலில் காலில் மாட்டிக்கொள்வேன். அதுவரை சப்பாத்து என் கக்கத்தில் வரட்டும்.

மிச்ச லேகியத்தை அதற்கே ஊட்டச் சொல்கிறாள் பொன்னி. பாயில் படுத்தும் இன்னும் சிரிப்பை நிறுத்தவில்லை. விளக்கை ஊதப் போகிறாள், எழுதவிடமாட்டேன் என்கி—